பெயர் போட்ட குருசு

சும்மா உட்காரத் தெரியாத பிறவி நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அம்மா கடைசிவரை இதை ஒரு வியாதி என்றுதான் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என்னை உட்கார வைத்த அரைமணி நேரத்தில் ஜமுக்காளத்தின் ஓரத்து நூலை ஒரு முழம் பிரித்துப் போட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அந்தச் சம்பந்தம் அதனால்தான் தட்டிப்போயிற்று என்பது அம்மாவின் கட்சி. எனக்கு அந்த மாப்பிள்ளையின் மீசையே பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை டெலிபோன் ஆபரேட்டர். எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகம் வந்து ஊருக்கே வேகம் பிடித்திருந்த நேரம். தூத்துக்குடி எக்சேஞ்சில் போர்டுக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். தலையில் ஹெட்போன், கையில் வயர். உப்பு வியாபாரியும் கப்பல் ஏஜெண்டும் பருப்பு மண்டிக்காரரும் டிரங்க் காலில் தொண்டை கிழியக் கத்துவார்கள். கல்யாணம், சாவு, சரக்கு, சண்டை எல்லாம் என் காது வழியாகத்தான் போகும். ஒரு வார்த்தை வெளியே சொல்லக்கூடாது. அது சட்டம். வேலை முடிந்து எழுந்தால் காது நிறைந்திருக்கும், வாய் கட்டிக்கிடக்கும், கை மட்டும் துறுதுறுவென்று எதையாவது பிய்க்கத் தேடும்.

எங்கள் ஊர் தாமிரபரணித் தண்ணீர் பாயும் நெல் ஊர். தினமும் போய்வர பஸ் ஒத்துவராததால் கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளைகள் இல்லை. அவள் புருஷன் தோணியில் தண்டல், அதாவது பாய் விரித்து ஓடும் சரக்குத்தோணியை நடத்திக்கொண்டு போகிறவர். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் அக்கா பாடிக்கொண்டே மீன் கழுவுவாள். அவர் கடலில் இருக்கும் நாட்களில் என்னைப் பிடித்துக்கொள்வாள். "ஏளா, சாப்பிட்டியா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டை நீட்டுவாள். அந்த வீட்டில்தான் நான் மீன் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். அம்மாவுக்கு அது தெரியாது.

மரத்தில் சுட்டு எழுதும் பைத்தியம் எனக்குப் பிடித்தது எக்சேஞ்சில். எங்கள் மெக்கானிக், ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை ஒருநாள் ஞாபகமறதியாக ஒரு பெட்டிப் பலகைமேல் வைத்துவிட்டார். சாமான்கள் வந்து இறங்கும் பெட்டி, வெளுத்த தேவதாரு மரம். கோலை எடுத்துப் பார்த்தால் வேப்பிலை அளவுக்கு ஒரு பழுப்புத் தழும்பு. அவர் "சே" என்றார். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கோலை அவரிடம் வாங்கி அந்த இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போட்டேன். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சாப்பாட்டு நேரம் முடிந்தபோது ஒரு கிளையே வந்திருந்தது. டிபன்பாக்ஸை நான் திறக்கவே இல்லை.

கைப்பிடி உடைந்து ஓரத்தில் கிடந்த பழைய கோல் ஒன்றுக்கு டேப் சுற்றி, "கொண்டு போங்க, இனி இது இங்க உதவாது" என்று அவரே கொடுத்தார். எங்கள் ஊரில் மாட்டுக்குச் சூடு போடும் கம்பிக்கும் சூட்டுக்கோல் என்றுதான் பெயர். அதைத் தொடவே சின்ன வயதில் பயப்படுவேன். இது கரண்டில் காய்கிற கோல். முதல் வாரத்தில் அக்கா வீட்டு ஃப்யூஸ் இரண்டு தடவை போயிற்று.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. அழுத்தக்கூடாது, கோலின் கனமே போதும். நின்றால் கறுத்துவிடும், ஓடினால் தடமே விழாது. என் அவசரத்துக்கு அது நல்ல தண்டனை. கோடு எளிது, எழுத்துதான் உயிரை வாங்கும். தமிழில் சுழி இல்லாத எழுத்து எத்தனை இருக்கிறது? ஒவ்வொரு சுழியிலும் கை தயங்கும், தயங்கிய இடத்தில் ஒரு கரும்புள்ளி விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். "ஏளா, அந்தப் புகைய நிப்பாட்டுதியா இல்லியா? சாளை மீனு கருகுனாப்புல நாறுது வீடு" என்று அக்கா சத்தம் போடுவாள். நிறுத்த மாட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளே வந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

செய்ததை எல்லாம் என்ன செய்வது? கொடுத்தேன். பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். சோப்புத் தட்டு, சாவி மாட்டும் பலகை, சீப்புப் பெட்டி, வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை. எக்சேஞ்சில் நான் பையோடு உள்ளே வந்தால் கூட வேலை பார்க்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு மயில் போட்டு ஒரு குங்குமப் பெட்டி கொண்டுபோனேன். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அது ஆடுகிற அரிசி டிரம்முக்கு முட்டாக இருந்தது. கோபம் வந்தது. ஆனால் மறுவாரமே அவளுக்கு இன்னொன்று செய்தேன். கொடுக்கிற ஆசையைவிட, அடுத்த பலகைக்கு ஒரு சாக்கு வேண்டும் என்கிற அரிப்புதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

பலகை கொண்டுவந்து கொடுத்தவர் பெரும்பாலும் அண்ணாச்சிதான். ஆடி மாதத்துக் காற்றில் தோணிகள் கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் கரையில் ஏற்றிப் பழுது பார்ப்பார்கள். கழற்றிப் போட்ட பழைய பலகைத் துண்டுகளை எனக்கென்று எடுத்துவருவார். உப்பு ஊறிய மரம். கோலை வைத்தால் லேசாகப் பொரியும், ஆனால் எழுத்து விழுந்தால் அப்படி ஒரு கறுப்பு. "உனக்குச் சுடுததுக்குன்னே முப்பது வருசம் ஊற வச்சிருக்கோம் தங்கச்சி" என்பார்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவருடைய தோணி கொச்சிக்கு உப்பு ஏற்றிக்கொண்டு புறப்படுவதாக இருந்தது. மழைக்காலத்தில் குமரிமுனை சுற்றிப் போவதென்றால் சுலபமில்லை. அக்கா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும், அவருக்கும் துணையாக இருக்கட்டும் என்று நான் ஒரு சிலுவை செய்ய முடிவெடுத்தேன். அவர் கொண்டுவந்த தோணிப் பலகையிலேயே, ஆசாரியிடம் கொடுத்து ஒரு முழ உயரத்துக்கு இழைத்து வாங்கினேன். ஓரம் முழுக்கத் திராட்சைக் கொடி. குறுக்குக் கட்டையில் அவருடைய முழுப் பெயர். பெயருக்குக் கீழே வெறுமையாக இருந்தது. யோசித்தேன். அவருக்காக ஒரு விண்ணப்பம் நான்தான் நிரப்பிக் கொடுத்திருந்தேன், பிறந்த தேதி ஞாபகம் இருந்தது. அதை இடது பக்கம் போட்டேன். வலது பக்கம் புறப்படுகிற தேதியைப் போட்டேன். ஒன்பது நாள் வேலை. ஒரு கரும்புள்ளிகூட விழவில்லை.

எங்கள் ஊர்க் கோயிலில் குத்துவிளக்கிலிருந்து டியூப்லைட் வரை எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் இருக்கும். சாமி சாமானில் பெயர் இருப்பது புண்ணியம். தூத்துக்குடியில் தெருமுனைக் குருசடிகளிலும், அதாவது சிலுவை நட்ட சின்னக் கோயில்களிலும், வருஷம் பொறித்துப் பார்த்திருக்கிறேன். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

புறப்படுகிற அன்று காலை, பூசை முடிந்து அக்காவும் அண்ணாச்சியும் மாதா கோயிலிலிருந்து வந்ததும், செய்தித்தாளில் சுற்றியதைக் கொண்டுபோய் நீட்டினேன். அக்காதான் வாங்கிப் பிரித்தாள். சந்தோஷத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு மறுபடி படித்தாள்.

"இது என்னதுளா?"

"சிலுவை அக்கா. அண்ணாச்சி தோணியில வைக்க."

"குருசுல பேரு போட்டிருக்கு."

"ஆமா."

"ரெண்டு தேதி போட்டிருக்கு."

"ஒண்ணு பொறந்த தேதி. இன்னொண்ணு இன்னைக்கு. கிளம்புத தேதி."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "செத்தவுகளுக்குத்தானளா பேரு போட்ட குருசு. பொறந்த தேதியும் போன தேதியும் போட்டுக் கல்லறையில நடுவாவ. கல்லு கட்டுத வரைக்கும் இந்த மாதிரி மரத்துலதான் நடுவாவ. உயிரோட இருக்க மனுசனுக்குக் கொண்டாந்து குடுக்கியே, நான் உனக்கு என்னளா செஞ்சேன்?"

அந்த நேரத்தில் அவள் காலைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது நாள் விரலைச் சுட்டுக்கொண்டு செய்தவளுக்கு வந்த கோபம். "எனக்கெப்படித் தெரியும்? எங்க ஊர்ல நடுதது எல்லாம் கிடையாது, எரிச்சிருவோம்" என்றேன். சொன்ன பிறகுதான், கடலுக்குக் கிளம்புகிற ஆளை முன்னால் வைத்துக்கொண்டு என்ன வார்த்தை சொன்னோம் என்று உறைத்தது. திரும்ப விழுங்க முடியுமா?

அக்கா குருசைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றாள். குருசை எரிப்பது பாவம். உடைப்பதும் பாவம். வீட்டில் வைக்கவும் முடியாது, புருஷன் பெயர் போட்டதை யாருக்கும் கொடுக்கவும் முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அண்ணாச்சிதான் சிரித்துக்கொண்டே போய் வாங்கினார். "தங்கச்சி ஆசையாச் செஞ்சது. குருசு தோணிக்கு ஆகாதா? எங்கிட்ட இருக்கட்டும்" என்று தகரப்பெட்டியைத் திறந்து சட்டைகளுக்கு அடியில் வைத்தார். அக்கா தடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

பெட்டியைத் தூக்கிப்போக வந்திருந்தவர் வாசலில் நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோணியின் பண்டாரி. சமையல்காரரைத் தோணியில் அப்படித்தான் சொல்வார்கள். தருவைகுளத்து ஆள், நாற்பது வயது இருக்கும், முன்னேயும் இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறார். வீட்டின் இறுக்கத்தைக் குறைக்க நினைத்தாரோ, நிஜமாகவே ஆசைப்பட்டாரோ, பெட்டியைத் தோளில் ஏற்றியபடி என்னிடம் கேட்டார்.

"டெலிபோனம்மா, எம் பேரையும் ஒரு பலகையில எழுதித் தாங்களேன். எம் பேரை எவனும் ஒண்ணுலயும் எழுதினது இல்ல. எல்லாவனுக்கும் நான் பண்டாரிதான்."

"பேரு போட்டதுக்குத்தான் இங்க இந்தப் பாடு. போயிட்டு வாங்க, பாப்போம்" என்று வெடுக்கென்று சொன்னேன்.

"சரி. போயிட்டு வந்து கேக்கேன்" என்றார். பெயரைச் சொல்லிவிட்டுப் போனார், நான் மறந்துவிடக்கூடாது என்பதுபோல இரண்டு தடவை.

அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா குழாயடியில் நின்றாள். "வந்துட்டீங்களா" என்றாள். எனக்கு யாரோ அறைந்ததுபோல இருந்தது. அந்த வீட்டில் மூன்று வருஷமாக எனக்குப் பெயர் "ஏளா"தான். திட்டினாலும் ஏளா, கொஞ்சினாலும் ஏளா. இப்போது வாங்க, போங்க, தண்ணி பிடிச்சுக்கிடுங்க. ஜன்னல் வழியாகத் தட்டு வருவது நின்றுபோயிற்று. அவள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தால்கூட நான் ஒரு சண்டை போட்டு நிம்மதியாகியிருப்பேன். மரியாதையோடு யார் சண்டை போடுவது?

சூட்டுக்கோலை நான் தொடவில்லை. ஆணியில் தொங்கியது. கை அரித்தது. அறைச் சுவரின் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினேன், கட்டிலின் கயிற்றை இறுக்கினேன், பிறகு அவிழ்த்து மறுபடி இறுக்கினேன். கடற்கரைக்கு நடந்தேன், அங்கே நிற்கப் பிடிக்காமல் திரும்பி வந்தேன். அண்ணாச்சி நல்லபடியாகத் திரும்பி வந்து அந்தக் குருசை என் கையில் கொடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அது நடந்தால் அக்கா என்னை மறுபடி ஏளா என்பாள். நடக்காவிட்டால், அவர் பெயரையும் கடைசித் தேதியையும் என் கையால் சுட்டுக் கொடுத்தவள் நான் என்பதை அவள் எப்படி மறப்பாள்?

பத்து நாளில் கொச்சியிலிருந்து சேதி வர வேண்டும். வரவில்லை. ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் காற்றும் மழையும் அடித்துத் தீர்த்தது. தோணி முதலாளி ஆபீஸிலிருந்து தினமும் கொச்சிக்கு டிரங்க் கால் போடுவார்கள். பெரும்பாலும் என் போர்டில்தான் விழும். "வந்துட்டா?" "இன்னும் இல்லை." அவ்வளவுதான் பேச்சு. மூன்று நிமிடத்துக்குப் பதிவு செய்வார்கள், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வயரைப் பிடுங்கி அடுத்த விளக்கைப் பார்ப்பேன்.

கம்பி வழியாகப் போகும் சேதி எல்லாம் என்னைத் தாண்டித்தான் போகும் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. ரோஷக்காரி. பதினெட்டாம் நாள் காலையில் நான் செருப்பு மாட்டும்போது என் அறை வாசலில் வந்து நின்றாள். தலை வாரவில்லை. கையில் ஜெபமாலை இருந்தது.

"உங்களுக்கு எதும் தெரியுமா?"

"இல்லக்கா. கொச்சிக்கு இன்னும் வரல. அதுக்கு மேல எதும் தெரியாது."

சட்டத்தை அங்கேயே மீறிவிட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மத்தியானம் கொல்லத்திலிருந்து ஒரு கால் வந்தது. முதலாளி ஆபீஸுக்கு. மழையில் லைன் கொரகொரவென்றிருந்தது, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அப்படி ஆனால் நடுவில் இருக்கும் நாங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும். கொல்லத்தில் இருந்த பெண்ணின் குரலை எனக்குத் தெரியும், முகம் தெரியாது. அவள் அரைத் தமிழில் சொன்னாள், நான் இந்தப் பக்கத்துக் கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன்.

"பாய்மரம் முறிஞ்சிட்டாம். தோணி கொல்லத்துக்கு வடக்க கரை ஒதுங்கிட்டாம்."

"ஆளுக?"

நான் கேட்டேன். அவள் சொன்னாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"ஒரு ஆளு செத்துட்டாராம்."

"யாரு?" என்றார் கணக்கப்பிள்ளை. நான் "யாரு?" என்று கேட்பதற்குள் லைன் அறுந்துபோயிற்று.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆனதோ, அதற்கும் கூடவோ, எனக்குத் தெரியாது. வேறு விளக்குகள் எரிந்தன, "நம்பர் ப்ளீஸ்" சொன்னேன், வயரை மாட்டினேன், எடுத்தேன். நடுநடுவே திருநெல்வேலியைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன், திருவனந்தபுரத்தைக் கூப்பிட்டுத் திட்டினேன். அந்தக் குருசில் வலது பக்கத்துத் தேதி மட்டும் கண்ணுக்கு முன்னால் நின்றது. அதை ஏன் போட்டேன்? கீழே வெறுமையாக இருந்ததால் போட்டேன். வெறுமையாக ஒரு இடம் இருந்தால் என் கைக்குப் பொறுக்காது. தோணியில் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரில் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவராக மட்டும் இருக்கக்கூடாது என்று நான் வேண்டினேன். எந்தச் சாமியிடம் என்று கேட்காதீர்கள். எல்லாச் சாமியிடமும்தான்.

லைன் கிடைத்தது. கொல்லத்துப் பெண் முதலில் மலையாளத்தில் ஏதோ சொன்னாள், பிறகு தெளிவாக ஒரே வார்த்தை.

"பண்டாரி."

"அப்பாடா" என்றேன்.

வாய்விட்டு, மவுத்பீஸிலேயே சொன்னேன். அந்தப் பக்கம் கொல்லத்துக்காரிக்கும் கேட்டிருக்கும், இந்தப் பக்கம் கணக்கப்பிள்ளைக்கும் கேட்டிருக்கும். அதற்கப்புறம்தான் தோளில் பெட்டியோடு நின்ற ஆள் எனக்கு ஞாபகம் வந்தார். போயிட்டு வந்து கேக்கேன். கணக்கப்பிள்ளையிடம் செத்தவர் யார் என்பதை நான்தான் சொன்னேன். எல்லோரும் சொல்கிற அதே பெயரைத்தான் சொன்னேன்.

அனுமதி கேட்காமல் எழுந்து வீட்டுக்கு ஓடினேன். அதற்காகப் பிறகு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, எழுதிக் கொடுத்தேன். அக்கா மாதா படத்துக்கு முன்னால் இருந்தாள். "அண்ணாச்சி இருக்காவ அக்கா, உசிரோட இருக்காவ" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "ஏளா" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். யார் செத்தது என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சாயங்காலம்தான் கேட்டாள். சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அண்ணாச்சி பத்து நாள் கழித்து பஸ்ஸில் வந்தார். நெற்றியில் தையல் போட்டிருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னார். மரம் முறிந்து விழுந்தது பண்டாரிமேல்தான். கரை சேரும் வரை உயிர் இருந்தது.

"அங்கன உள்ள மாதா கோயில் சாமியாரு அடக்கத்துக்கு எடம் குடுத்தாரு. குருசு செய்யுத ஆசாரி நாளைக்குத்தான் வருவான்னாவ. தோணியும் போச்சு, ஆளும் போச்சு, ஒரு அடையாளம் நடாம வர எனக்கு மனசில்ல. நீ குடுத்த குருசு இருந்துச்சு." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கத்திய வச்சு எம் பேரையும் தேதியளையும் சுரண்டுனேன். ஆழமாச் சுட்டிருக்க தங்கச்சி, லேசுல போவல. மரமே பள்ளமாயிட்டு. பொறவு ஒரு ஆணிய அடுப்புல காய்ச்சி, நீ செய்யுத மாதிரியே, அந்தப் பள்ளத்துலயே அவன் பேரை எழுதுனேன்."

"பேரு தெரியுமா அண்ணாச்சி உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன. அன்னைக்கு உங்கிட்ட ரெண்டு தடவ சொன்னானே."

தெருவில் பெண்கள் ஒரு மாதிரியாகப் பேசிக்கொண்டார்கள். குருசு யாரையாவது கேட்டது, வேற ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது, தண்டலுக்கு ஆயுசு கெட்டி என்று. அக்காவும் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங் குருசுதான்ளா அவியள காப்பாத்திட்டு" என்றாள். "அப்படிச் சொல்லாதீங்க" என்று கையை உதறிவிட்டேன். அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

ஆணியிலிருந்து சூட்டுக்கோலை எடுத்தேன். இருந்ததிலேயே நல்ல பலகையில் பண்டாரியின் பெயரை எழுதினேன். கேட்டவருக்குக் கொடுக்க முடியாது, அவர் வீட்டிலாவது கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகத் தருவைகுளத்துக்கு பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் மண்டையில் உறைத்தது. ஆள் போன வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை கொண்டுபோகிறேன். இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு நிறுத்தத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கண்டக்டர் முறைத்தார்.

அவர் மனைவி வலைக்கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட வயது அதிகம் இருக்காது. யார் என்று சொன்னேன், அவர் கேட்டதைச் சொன்னேன், நான் வெடுக்கென்று பேசியதையும் சொன்னேன். பலகையை நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினாள்.

"இதேதான் அங்கன குருசுலயும் எழுதிருக்கா?"

"ஆமா. இதே எழுத்துதான்."

"என்னால அம்புட்டுத் தூரம் போயிப் பாக்க முடியாதும்மா. இதைய குருசாச் செஞ்சு தருவீங்களா? வீட்டுல வச்சுக்கிடுதேன்."

எனக்கு அவள் என்ன கேட்கிறாள் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "செஞ்சு தாரேன்" என்றேன். இந்த முறை ஒழுங்காகக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று, "தேதி ரெண்டு போடணுமே. அவுக பொறந்த தேதி என்ன?" என்றேன்.

"அது அவியளுக்கே தெரியாது." யோசித்தாள். "எங்க கல்யாணத் தேதி தெரியும். அதைப் போடுங்க. அதுக்கு முன்னால அவியளுக்கு என்ன இருந்துச்சு."

பதினோரு நாள் ஆயிற்று. அண்ணாச்சியே பலகை கொண்டுவந்தார். நான் எழுதும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புகை நாறுகிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கொண்டுபோகும் அன்று, "நானும் வாரேன்" என்று சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் குருசை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள், எழுத்து மேல்பக்கம் தெரியும்படி. பெயர் போட்ட குருசு. ஏறி இறங்குகிறவர்கள் பார்த்துவிட்டு, யாருக்கோ சாவு என்று புரிந்துகொண்டு இடம் விட்டார்கள்.

உப்பளம் தாண்டும்வரை என்னால் பொறுக்க முடிந்தது. பிறகு சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு லைன்ல பண்டாரின்னு சொன்னதும் நான் அப்பாடான்னு சொல்லிட்டேன். ஆளு செத்த சேதிக்கு அப்பாடான்னேன். எல்லாரும் கேட்டாவ."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். காற்றில் அவள் முந்தானை குருசின்மேல் விழுந்தது. அதை எடுத்துச் செருகினாள்.

"சாயங்காலம் நீ பண்டாரி பேரைச் சொன்னியே, நான் உள்ள போனேன்லா" என்றாள். "நானும் அதைத்தான்ளா சொன்னேன்."

தருவைகுளம் வந்ததும் குருசின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள், மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன், இறங்கினோம்.